தைரியம் சொல்ல மூணு புத்தகம்

"அடுத்த ஞாயித்துக்கிழமை பத்தே நிமிஷம் பிரதர். பிள்ளை வளர்ப்பைப் பத்திப் பேசுங்க. அப்படியே பெத்தவங்களுக்குத் தைரியம் குடுக்கிற மாதிரி நல்லதா மூணு புத்தகமும் சொல்லிடுங்க" என்றார் பாஸ்டர்.

லிஃப்ட்காரர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் பாஸ்டர் கையைக் குலுக்கிவிட்டு நழுவியிருந்தார்கள். இவர்தான் செருப்பைத் தேடிக்கொண்டு நின்று மாட்டிக்கொண்டார்.

"என்னையா சொல்றீங்க பாஸ்டர்?"

"உங்களைத்தான். மூணு மாசமா உங்க பிள்ளைங்களைக் கவனிச்சுக்கிட்டு வர்றேன். நான் பேச ஆரம்பிச்சா பொண்ணு கண்ணை எடுக்காம என் வாயையே பாக்கறா. பையன் நோட்டுல குறிப்பு எடுக்கறான். ஏழு வயசுப் பையன்! என் பிரசங்கத்துல சபை மூப்பருங்களே உக்காந்தபடி தூங்கறாங்க. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?"

லிஃப்ட்காரர் ஒற்றைச் செருப்போடு நின்றார். அடுக்குமாடிக் கட்டடங்களில் நின்றுபோன லிஃப்டை ஓட வைப்பது அவர் தொழில். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு விளக்கம் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. தன் பிள்ளைகள் ஆலயத்தில் மட்டும் ஏன் அடங்கி உட்காருகிறார்கள் என்று அவரும் சில தடவை யோசித்ததுண்டு. நோண்டினால் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார்.

"கடைசியா ஒரு வார்த்தை பிரதர்" என்று பாஸ்டர் அவர் தோளில் கைவைத்தார். அதற்குப் பிறகு கால் மணி நேரம் பேசினார்.

காருக்கு வந்தபோது அந்த உத்தமப் பிள்ளைகள் இரண்டும் பின்சீட்டில் ஜன்னலுக்காக அடித்துக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு ஜன்னல் இருந்தது. எது நல்ல ஜன்னல் என்பதுதான் தகராறு. பதினொரு வயது மூத்தவள் தம்பியின் ஷூவைக் கழற்றி வெளியே எறியப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவன் வாயில் டாஃபியோடு, எச்சில் தொட்டு அவள் பக்கத்துக் கண்ணாடியில் குரங்கு வரைந்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் சட்டைப்பையில் டாஃபிக் காகிதம் இருக்கும். "பாஸ்டர் அம்மா குடுத்தாங்க" என்பான். பாஸ்டரின் மனைவியைச் சபையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வசனம் ஒப்பித்ததற்காக இருக்கும் என்று வீட்டில் பூரித்துப் போயிருந்தார்கள்.

"உங்களையா பேசச் சொன்னாரு?" என்றாள் மனைவி. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எதையும் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்ப்பவள். "பிள்ளை வளர்ப்பைப் பத்தியா? உங்களையா?"

"உன்னையும் சேத்துத்தான் பாராட்டினாரு."

அவள் உடனே தலையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "மூணு புத்தகம் எதைச் சொல்லப் போறீங்க? நீங்க கடைசியா எதைப் படிச்சு முடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"லிஃப்ட் மோட்டார் கையேடு."

"அதுல பிள்ளைங்களைப் பத்தி ஏதாவது இருக்கா?"

"சின்னப் பிள்ளைங்களைத் தனியா ஏத்தாதீங்கன்னு இருக்கு."

சபைக்கென்று ஒரு நூலகம் உண்டு. ஆலயத்தின் பின்னறையில் நிற்கும் ஒரே ஒரு இரும்பு பீரோ. அதன் சாவி இருபது வருடமாக ஓர் அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அதனால் அவருக்கு பீரோ அக்கா என்றே பெயராகிவிட்டது. சபையின் ஜெபக் குழுவை நடத்துகிறவரும் அவர்தான். இரண்டு வேலையையும் அவர் ஒரே வேலையாக்கியிருந்தார். யார் என்ன புத்தகம் எடுக்கிறார்கள் என்று பார்ப்பார். அதை வைத்து அவர்கள் வீட்டில் என்ன கோளாறு என்று முடிவு செய்வார். அன்று சாயங்காலமே ஜெபத்தில் சேர்த்துவிடுவார். ஒரு தடவை ஒருவர் இல்லற வாழ்க்கை பற்றிய புத்தகத்தை எடுத்துப் போக, அடுத்த வாரம் அவர் மனைவியிடம் மூன்று பேர் துக்கம் விசாரித்தார்கள். அதிலிருந்து சபையில் விவரம் தெரிந்தவர்கள் புண்ணியத்தலப் பயணப் புத்தகங்களை மட்டுமே எடுத்தார்கள்.

லிஃப்ட்காரருக்கு விவரம் தெரியாது. அவர் அந்த பீரோவை முதல் தடவையாகத் திறக்கச் சொன்னார்.

"பிள்ளை வளர்ப்பா?" என்று பீரோ அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கு தம்பி?"

பாஸ்டர் சிபாரிசு செய்யச் சொன்ன புத்தகங்களைத் தான் இனிமேல்தான் பார்க்கவே போகிறோம் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. "அது... ஒருத்தருக்கு. தெரிஞ்சவர்."

"புரியுது" என்றார் அக்கா. அவர் கண் கலங்கியது. கீழ்த்தட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். 'கைமீறிய பிள்ளைகளுக்காக நாற்பது நாள் ஜெபம்.'

"கொஞ்சம் தைரியம் குடுக்கிற மாதிரி இருந்தா நல்லாயிருக்கும்க்கா."

"இதைப் படிச்சா எதையும் தாங்குவீங்க."

மறுநாள் மதியம் பன்னிரண்டாவது மாடிக்கு மேலே, மோட்டார் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் புத்தகத்தையும் திறந்தார். முதல் அத்தியாயமே ஒரு தேர்வு. உங்கள் பிள்ளை இந்த வாரம் பொய் சொன்னதுண்டா? நீங்கள் கூப்பிட்டு மூன்று தடவைக்கு மேல் வராமல் இருந்ததுண்டா? ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்ததுண்டா? லிஃப்ட்காரர் நேர்மையானவர். பாதுகாப்புச் சோதனைப் படிவத்தை நிரப்புகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் நிதானமாக டிக் அடித்தார். நாற்பதுக்கு முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தில்கூட அவர் இவ்வளவு வாங்கியதில்லை. சந்தோஷத்தோடு பக்கத்தைத் திருப்பினார். 'முப்பதுக்கு மேல்: இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு உடனே முழங்காலில் நில்லுங்கள்' என்று இருந்தது. அவர் சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடினார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே செல்போனோடு நின்றாள்.

"இது என்னங்க?"

ஜெபக் குழுவில் பீரோ அக்கா எழுதியிருந்தார். 'நம் சபையில் ஒரு தகப்பன் கண்ணீரோடு இருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் கைமீறிய நிலை. குடும்பத்தின் மானம் கருதிப் பெயர் சொல்லவில்லை. லிஃப்ட் வேலை செய்யும் சகோதரர். உருக்கமாக ஜெபிப்போம்.'

அதற்குக் கீழே அறுபத்திரண்டு கைகள் கூப்பியிருந்தன.

"மானம் கருதியாம்!" என்றாள் மனைவி. "சபையில இன்னும் எத்தனை பேரு லிஃப்ட் வேலை செய்யறாங்க? நாளைக்கே அதைக் குடுத்துட்டு, நல்ல பிள்ளைங்களுக்கான புத்தகமா வாங்கிட்டு வாங்க."

அவர் அப்படியே போய்ச் சொன்னார். "அக்கா, நீங்க தப்பா நினைச்சுட்டீங்க. என் பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க."

பீரோ அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாருமே ஆரம்பத்துல இப்படித்தான் சொல்வாங்க தம்பி." பழையதைத் திருப்பி வாங்காமலே அடுத்த புத்தகத்தையும் கொடுத்தார். 'தகப்பனே, காரணம் நீதானா?'

அன்று சாயங்காலம் குழுவில்: 'குறிப்பிட்ட அந்தத் தகப்பன் உண்மையை ஒத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. ஜெபத்தைத் தீவிரப்படுத்துவோம்.' இந்தத் தடவை எண்பத்தொன்பது கைகள்.

இரண்டாவது புத்தகம் தலைப்பில் கேட்ட கேள்விக்கு முதல் பக்கத்திலேயே ஆமாம் என்று பதில் சொன்னது. மீதி இருநூறு பக்கமும் ஆதாரம். லிஃப்ட்காரருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்பதுதான் கவலையாக இருந்தது. இப்போது, நிஜமாகவே நான் ஒரு மோசமான அப்பாதானா என்ற கேள்வி அவர் கூடவே சுற்ற ஆரம்பித்தது. தூங்கும் பிள்ளைகளை எட்டிப் பார்த்தார். தூக்கத்தில்கூட ஒருத்தி கால் இன்னொருத்தன் வயிற்றில் இருந்தது.

வியாழக்கிழமை வேலைக்கு நடுவில் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்கே போய்விட்டார்.

"திட்டாத புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

கடைக்காரர் யோசித்தார். "பிள்ளை வளர்ப்புலயா? திட்டுற புத்தகம்தான் சார் போகுது. பெத்தவங்க அதைத்தான் கேட்டு வாங்கறாங்க. சும்மா பாராட்டினா இதுக்கு எதுக்கு புத்தகம்னு நினைக்கறாங்க." ஏணி போட்டு ஏறி மேல்தட்டைத் துழாவி ஒன்றை எடுத்தார். "இது சந்தோஷமா இருக்கும். அட்டையே மஞ்சள்."

'ஆனந்தக் குடும்பம்' என்று போட்டிருந்தது. பின்னட்டையில் ஆசிரியர் மனைவியோடும் எட்டுப் பிள்ளைகளோடும் சிரித்தார். பதினாறு காலிலும் ஷூ பளபளத்தது. அந்தக் குடும்பம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நாலு குரலில் பாடுமாம். வீட்டுக் கூட்டு ஜெபத்தைப் பிள்ளைகளே நடத்தட்டும், அவர்கள் உள்ளத்தில் இருப்பது அப்போது வெளியே வரும் என்று மூன்றாம் அத்தியாயம் சொன்னது.

இதையாவது செய்து பார்ப்போம் என்று லிஃப்ட்காரர் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சின்னவனை ஜெபிக்கச் சொன்னார். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"ஆண்டவரே, அப்பா புத்தகம் படிக்கிறதை நிறுத்தணும். முன்னாடி நல்லா இருந்தாரு. ஆமென்."

மூத்தவள் முதல் தடவையாகத் தம்பியோடு ஒத்துப்போய் சத்தமாக ஆமென் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்டரும் பாஸ்டர் அம்மாவும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று மனைவி நாற்காலியை ஒழுங்காக்கக்கூட மறந்து நின்றாள். ஆனால் பாஸ்டர் முகத்தில் கோபமே இல்லை.

"பிரதர், ஜெபக் குழுவுல பாத்தேன். யாரோ ஒரு லிஃப்ட் வேலை செய்யற சகோதரராம். பிள்ளைங்க கைமீறிப் போச்சாம். பாவம். உங்க தொழில்தானே, உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

இப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். லிஃப்ட்காரர் வேறு வார்த்தை சொன்னார்.

"தெரியும் பாஸ்டர்."

"அவரை ஞாயித்துக்கிழமை கையோட கூட்டிட்டு வாங்க. உங்க பேச்சைக் கேட்டாருன்னா அவருக்குப் பெரிய ஆறுதலா இருக்கும்."

"வருவாரு பாஸ்டர்" என்றது அவர் வாய், அவரைக் கேட்காமலே.

மனைவி கண்ணாலேயே அவரை இரண்டாகக் கிழித்தாள்.

பாஸ்டர் ஜெபித்து முடித்து எழுந்து, "கடைசியா ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்தார். உடனே சின்னவன் துள்ளி எழுந்து உள்ளே ஓடி நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தான். மூத்தவள் பாஸ்டர் அம்மாவின் காதில் ஏதோ கேட்டாள். ஜெபக் குறிப்பு எழுத எப்போதும் கைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பவர் பாஸ்டர் அம்மா. அதை வெளியே எடுக்காமலே, இல்லை என்று தலையசைத்தார். சின்னவன் ஏமாற்றத்தோடு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டான்.

"பாத்தீங்களா!" என்று பாஸ்டர் நெகிழ்ந்துபோனார். "வீட்டுலகூட குறிப்பெடுக்கத் துடிக்கிறான் பாருங்க."

அவர்கள் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள். "இல்லாத ஒருத்தரை எங்கேயிருந்து கூட்டிட்டு வரப் போறீங்க?"

"இருக்கிற ஒருத்தர்தானே" என்றார் அவர். அவள் அதற்குமேல் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். கைமீறிய பிள்ளைகளின் தகப்பன் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசப் போகிறார் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? பீரோ அக்கா இரண்டு கைக்குட்டையோடு வந்திருந்தார். விஷயமே தெரியாதவர் சபையிலேயே பாஸ்டர் ஒருவர்தான். அவர் மைக்கைப் பிடித்து, "நம்ம பிரதர் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். நீங்க சொன்ன அந்தச் சகோதரர் வந்திருக்காரா?" என்றார்.

லிஃப்ட்காரர் மூன்று புத்தகங்களையும் இடுக்கிக்கொண்டு மேடை ஏறினார்.

"வந்திருக்காரு பாஸ்டர். அது நான்தான்."

பாஸ்டர் மெதுவாக உட்கார்ந்தார்.

"மூணு புத்தகம் சொல்லச் சொன்னாரு. நான் எதையுமே படிச்சதில்ல. இந்த வாரம்தான் படிச்சேன். ஒண்ணு என்னை முழங்கால்ல நில்லுன்னு சொல்லிச்சு. ஒண்ணு எல்லாத்துக்கும் நீதான் காரணம்னுச்சு. இன்னொண்ணுல நாலு மணிக்கு எழுந்து பாடறாங்க. என் வீட்டுல எட்டு மணிக்கு எழுப்பினாலே சண்டைதான். என் பிள்ளைங்க பொய் சொல்றாங்க. அடிச்சுக்கறாங்க. போன வாரம் என் ஹெல்மெட்டுல தண்ணி ஊத்தி மீன் வளத்தாங்க. இங்க மட்டும் ஏன் சும்மா உக்காந்திருக்காங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். அவருக்கு அது கொஞ்சம் உதவியாக இருந்தது.

"என் வேலையில, லிஃப்டு நடுவுல நின்னுடும். உள்ள ஆளு மாட்டிக்கிட்டு இருப்பாங்க. அழுவாங்க, கதவைத் தட்டுவாங்க. நீங்க ஏன் இந்த லிஃப்டுல ஏறினீங்க, படியில போயிருக்கலாமேன்னு நான் கேக்கறதில்ல. பயப்படாதீங்க, நான் வெளியதான் நிக்கறேன், கொஞ்ச நேரத்துல திறந்துடும்னு சொல்வேன். அதை மட்டும் சொல்லிக்கிட்டே வேலையைப் பாப்பேன். பிள்ளை வளர்க்கிற எங்களை மாதிரி ஆளுங்க எல்லாம் உள்ள மாட்டிக்கிட்டவங்கதான். வெளியிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை சொல்ற புத்தகத்தைத்தான் தேடினேன். கிடைக்கல. யாருக்காவது கிடைச்சா சொல்லுங்க, நானும் வாங்கிக்கறேன்."

அவ்வளவுதான் அவர் பேச்சு. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மனைவி மூக்கை உறிஞ்சினாள். பீரோ அக்காவுக்கு இரண்டாவது கைக்குட்டையும் நனைந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு தகப்பன், "என் வீட்டுலயும் அதே கதைதான் பிரதர்!" என்று கத்தினார். அந்த ஒரு குரல் போதும் என்று இருந்தது லிஃப்ட்காரருக்கு. ஒரு வாரமாகக் கூடவே சுற்றிய கேள்வி விலகிப் போன மாதிரி இருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக முடிந்திருக்கும். பாஸ்டர் விடவில்லை. அவர் உண்மையிலேயே மனம் உருகிப்போயிருந்தார்.

"பிரதர் தாழ்மையா பேசறாரு!" என்று மைக்கை வாங்கினார். "கைமீறின பிள்ளைங்களா இவங்க? சபையே பாக்கட்டும். தம்பி, இங்க வாடா கண்ணு. உன் நோட்டை எடுத்துக்கிட்டு வா."

சின்னவன் அக்காவைப் பார்த்தான். அக்கா வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் யாரோ அவனைத் தூக்கி மேடையில் விட்டுவிட்டார்கள். பாஸ்டர் நோட்டை விரித்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். ஓர் எழுத்துகூட இல்லை. எல்லாம் கோடு. நாலு கோடு நெடுக்காக, குறுக்கே ஒன்று.

"இது என்னப்பா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

மைக்கில் பொய் சொல்லச் சின்னவனுக்குப் பழக்கமில்லை. "நீங்க 'கடைசியா ஒரு வார்த்தை'ன்னு சொல்வீங்கல்ல பாஸ்டர்? சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு. போன வாரம் பத்தொன்பது. சரியா எண்ணினவங்களுக்கு டாஃபி."

பாஸ்டரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. லிஃப்ட்காரர் லிஃப்ட் இல்லாத வெறும் குழி ஒன்று காலடியில் திறக்காதா என்று பார்த்தார். மூன்று மாதமாகக் கண்ணை எடுக்காமல் பார்த்த மகள் இப்போது தன் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் முன்னால் அழுத சபை முழுக்க அந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. பீரோ அக்கா கைக்குட்டையை வைத்துவிட்டுச் செல்போனை எடுத்தார்.

"யாரு... யாரு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?" என்றார் பாஸ்டர்.

சின்னவன் வாயை இறுக்கிக்கொண்டான். காட்டிக்கொடுக்கிற ஜாதி இல்லை அவன்.

முன்வரிசையில் பாஸ்டர் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

"பத்தொன்பது இல்ல கண்ணு, இருபது. ஆமென் சொன்னதுக்கு அப்புறம் ஒண்ணு சொன்னாரு பாரு, அதை நீ எப்பவும் விட்டுடற."